முத்திரையும் மனச்சான்றும்

பேரங்காடியின் அடுக்குகளுக்கிடையே நின்று ஒரு பிஸ்கட்டுப் பொட்டலத்தைக் கையில் எடுக்கும் முஸ்லிம் தாய் முதலில் அதன் விலையைப் பார்ப்பதில்லை. பொட்டலத்தைத் திருப்பி ஒரு சிறு வட்டத்தைத் தேடுகிறாள். எட்டு முனை விண்மீனும் அதன் நடுவே அரபு எழுத்தில் ஹலால் என்னும் சொல்லும் பொறித்த அவ்வட்டம் கண்ணில் பட்டால் பொட்டலம் கூடைக்குள் செல்கிறது; படாவிடின் அடுக்குக்கே திரும்புகிறது. நொடிப்பொழுதில் முடிந்துபோகும் இச்செயலில் அடங்கியிருக்கும் நம்பிக்கையை எண்ணிப் பார்ப்போர் சிலரே. அவள் மாவு அரைத்த ஆலையைக் கண்டவளல்லள். கொழுப்பு வந்த நாட்டை அறிந்தவளல்லள். ஆய்வு செய்த அலுவலரின் பெயரும் அவளுக்குத் தெரியாது. ஆயினும் தன் பிள்ளையின் வாயில் இடும் உணவையும், அதனினும் மேலாகத் தன் இறைவனுக்குத் தான் பட்டிருக்கும் கடமையையும், விரல்நகம் அளவேயுள்ள ஓர் அச்சுக்குறியை நம்பி ஒப்படைக்கிறாள். வணிகர் இதனை 'நுகர்வோர் நம்பிக்கை' என்று பெயரிட்டு விற்பனைக் கணக்கோடு சேர்த்துப் பேசுவர். இஃது அறத்தைச் சார்ந்த பொருளும் ஆகும் என்பதைக் கணக்கேடு சொல்வதில்லை.

ஹலால் என்னும் அரபுச் சொல்லுக்கு ஆகுமானது, அனுமதிக்கப்பட்டது என்பது பொருள். அதற்கு மறுதலையானது ஹராம். பிற சமயத்தார் பலர் இதனைப் பன்றியிறைச்சியும் மதுவும் இல்லாமை என்ற அளவிலேயே அறிந்திருக்கின்றனர். அது பாதி அறிவே. உண்ணத்தக்க ஆடும் மாடும் கோழியும்கூட முறைப்படி இறைவன் பெயர் சொல்லி அறுக்கப்பட்டாலன்றி ஆகுமானவை ஆகா. ஆகாத பொருள் பட்ட பாத்திரமும் கத்தியும் தூய்மை செய்யப்படல் வேண்டும். பன்றியின் தொடர்புற்ற கருவியை ஏழுமுறை, அவற்றுள் ஒருமுறை மண் கலந்த நீரால், கழுவவேண்டும் என்பது இவ்வட்டாரத்து முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாஃபி வழியின் விதி. இன்னும் ஒரு படி மேலே சென்றால், திருடிய பணத்தில் வாங்கிய உணவும் ஆகாததே. பதினோராம் நூற்றாண்டின் பேரறிஞர் இமாம் கஸ்ஸாலி தம் பெருநூலில் ஹலாலுக்கும் ஹராமுக்கும் எனத் தனிப் பகுதி ஒன்றை ஒதுக்கி, உணவின் தன்மையோடு அதனை வாங்கிய பொருள் வந்த வழியையும் விரிவாக ஆராய்ந்தார். இன்றைய முத்திரை இவ்வளவையும் சொல்வதில்லை. தொழிலாளியின் கூலியைக் குறைத்து ஈட்டிய பொருளால் நடக்கும் ஆலைக்கும், சமையற்கூடம் தூயதாயின், முத்திரை கிடைத்துவிடலாம். முத்திரையின் எல்லை அது. அதனைக் குறையென்று கூறுவதற்கில்லை. ஆனால் எல்லை உண்டு என்பதை மறத்தல் தவறு.

பொருள்களின் குணத்தை மாந்தர் பல வழிகளில் அறிகின்றனர். மீனின் புதுமையைச் செவுளைத் திறந்து பார்த்து அறியலாம். மாம்பழத்தின் இனிமையை வாங்குமுன் அறிய இயலாவிடினும் வீட்டுக்குச் சென்று அறுத்துத் தின்றபின் அறியலாம். அடுத்த முறை அந்தக் கடையை விட்டு வேறு கடைக்குப் போகலாம். ஹலால் என்னும் குணமோ வாங்குமுன்னும் தெரியாது, உண்டபின்னும் தெரியாது. நாவும் மூக்கும் வயிறும் அதற்குச் சாட்சி சொல்ல மாட்டா. காவிரிப்பூம்பட்டினத்து வணிகரின் நடுவுநிலையைப் பட்டினப்பாலை போற்றுகிறது. அவ்வணிகர் அளவில் தவறினால் வாங்கியவன் வேறொரு துலாக்கோலில் நிறுத்துப் பார்த்திருக்கக் கூடும். ஹலாலை நிறுத்துப் பார்க்கும் துலாக்கோல் எந்த வீட்டிலும் இல்லை. எனவே, இங்கு விற்பவனின் சொல் பொருளுக்கு ஒட்டிய விளம்பரம் அன்று. அது பொருளின் ஒரு பகுதியே. சொல் பொய்த்தால் பொருள் இல்லை.

முற்காலத்தில் இச்சொல்லுக்கு ஒரு முகம் இருந்தது. கம்பத்தில் கோழி அறுப்பவர் யார், அவர் தொழுகைக்குச் செல்பவரா, அவர் தந்தை எவர் என்பதெல்லாம் வாங்குவோர்க்குத் தெரியும். பினாங்கில் காவடித் தண்டில் சோற்றுப் பானையைச் சுமந்து சென்று விற்ற தமிழ் முஸ்லிம்களிடம் சான்றிதழ் கேட்டவர் எவருமிலர். அவர்கள் சுமந்த தண்டின் பெயரே 'நாசி கண்டார்' என்று உணவுக்கும் நிலைத்தது. தெரிந்த முகம், கேட்ட சலாம், ஊரார் வழக்கம் ஆகியவையே அன்றைய முத்திரை.

சமய மரபும் இத்தகைய நம்பிக்கைக்கே இடங்கொடுத்தது. புதிதாக இஸ்லாத்தைத் தழுவிய மக்கள் இறைச்சி கொண்டுவருகின்றனர். அறுக்கும்போது இறைவன் பெயரைச் சொன்னார்களா இல்லையா என்பது தெரியவில்லை. என்ன செய்வது என்று நபிகள் நாயகத்திடம் சிலர் கேட்டனர் என ஒரு செய்தி உண்டு. நீங்களே இறைவன் பெயரைச் சொல்லி உண்ணுங்கள் என்பது அவருடைய விடையின் கருத்து. துருவித் துருவி ஆராயுங்கள் என்று அவர் பணிக்கவில்லை. கஸ்ஸாலியும் பேணுதலைப் பல படிகளாகப் பிரித்துக் காட்டியபின், மிகையான ஐயத்தைப் பேணுதல் என்று ஏற்கவில்லை. வேட்டையில் பிடித்த விலங்கு முன்பு எவருக்கேனும் உரியதாய் இருந்து தப்பி வந்ததோ என அஞ்சி அதனை உண்ண மறுப்பவனின் மனநிலையை அவர் மனக்குழப்பத்தின்பாற் படுத்தினார். ஐயத்துக்கு ஓர் அடிப்படை வேண்டும் என்பது அவர் துணிபு.

அவ்வாறாயின் இன்று சான்றிதழ் எதற்கு? காரணம் சமயம் கடுமையானது என்பதன்று, உணவு மாறிவிட்டது. மிட்டாயை மெதுமெதுப்பாக்கும் ஜெலட்டின் மாட்டெலும்பிலிருந்தும் வரலாம், பன்றித்தோலிலிருந்தும் வரலாம், மீனிலிருந்தும் வரலாம். எண்ணெயையும் நீரையும் பிரியாமல் சேர்த்து வைக்கும் ஈ471 என்னும் பால்மமாக்கி செம்பனை எண்ணெயிலிருந்தும் பெறப்படும். விலங்குக் கொழுப்பிலிருந்தும் பெறப்படும். பொட்டலத்தில் எண் ஒன்றுதான், மூலம் இரண்டு. பாலாடைக்கட்டியைத் திரளச் செய்யும் நொதி கன்றின் இரைப்பையிலிருந்து வந்ததா, நுண்ணுயிரிலிருந்து வந்ததா என்பதைக் கடைக்காரரும் அறியார். ஒரு நாட்டில் அறுக்கப்பட்ட விலங்கின் எலும்பு இன்னொரு நாட்டில் பொடியாகி, மூன்றாம் நாட்டில் மாத்திரை உறையாகி, நான்காம் நாட்டின் மருந்துக்கடையில் விற்பனையாகிறது. இச்சங்கிலியில் முகமே இல்லை. ஆகவே ஐயத்துக்கு இன்று அடிப்படை உண்டு. முகம் மறைந்த இடத்தில் முத்திரை வந்து நிற்கிறது.

மலேசியாவில் 1974-இல் பிரதமர் துறையின் இஸ்லாமிய ஆய்வு மையம் ஹலால் உறுதிக் கடிதங்களை வழங்கத் தொடங்கியது. மறு ஆண்டே ஹலால் என்னும் சொல்லைப் பொய்யாகப் பயன்படுத்துவதற்கு எதிரான ஆணை வணிக விவரிப்புச் சட்டத்தின் கீழ்ப் பிறந்தது. சிங்கப்பூரில் மூயிஸ் எனப்படும் இஸ்லாமிய சமய மன்றம் 1978 முதல் சான்றளித்து வருகிறது. 1998-இல் மலேசியாவில் ஆய்வுப் பணி ஒரு தனியார் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 2002 செப்டம்பரில் ஜாக்கிம் எனப்படும் இஸ்லாமிய மேம்பாட்டுத் துறை அதனைத் தன் கையில் மீண்டும் எடுத்துக்கொண்டது. 2011-இல் இயற்றப்பட்ட புதிய சட்டத்தின் ஆணைகளின்படி, 2012 சனவரி முதல், ஜாக்கிமும் மாநில இஸ்லாமிய சமய மன்றங்களும் அல்லது அவை ஒப்புக்கொண்ட வெளிநாட்டு அமைப்புகளும் சான்றளித்த பொருளையே ஹலால் என்று விற்கலாம். பொய்ம்முத்திரை இடுவோர்க்குச் சிறையும் உண்டு.

சட்டம் இவ்வளவில் நிற்க, வகுப்பில் கூர்த்த மதியுடைய மாணவன் ஒருவன் எழுப்பக்கூடிய வினா ஒன்று இருக்கிறது. ஒருவர் அறியாமல் ஆகாத உணவை உண்டுவிட்டார் என்று கொள்வோம். உடலுக்குத் தீங்கில்லை, உணவு சத்தானதே. அறியாமல் செய்ததற்கு இறைவன் குற்றம் பிடிப்பதில்லை என அவருடைய சமயமே அவருக்கு ஆறுதல் சொல்கிறது. உண்மை அவருக்கு என்றுமே தெரியப்போவதும் இல்லை. அங்ஙனமாயின், ஏமாற்றிய வணிகன் யாருக்கு, என்ன தீங்கு செய்தான்?

இவ்வினாவை எளிதில் தள்ளிவிடலாகாது. பணம் ஒன்றுக்கு வாங்கிப் பொருள் வேறொன்று கொடுத்தான் என்பது ஒரு விடை. அது சரியே, ஆனால் போதாது. அவ்வுணவை இலவசமாகக் கொடுத்திருந்தால் குற்றம் நீங்கிவிடுமா? நீங்காது என்று எவர் உள்ளமும் சொல்லும். உண்மை தெரியவந்தால் அவர் வருந்துவார் என்பது மற்றொரு விடை. அதுவும் போதாது. தெரியாதவாறு மறைத்துவிட்டால் தீங்கு இல்லை என்ற முடிவுக்கு அது கொண்டுசெல்லும். திறமையாக ஏமாற்றியவன் நல்லவனாகிவிடுவான். மேலும், தெரிந்தபின் அவர் வருந்துவது ஏன்? தமக்கு முன்னமே ஒரு தீங்கு நடந்துவிட்டது என்பதனால். எனவே தீங்கு வருத்தத்துக்கு முந்தியது. வருத்தம் அதனை அறிவிக்கும் மணியோசை மட்டுமே.

பட்டினி கிடப்பவனையும் நோன்பிருப்பவனையும் அருகருகே அமர்த்திப் பாருங்கள். இருவர் வயிறும் ஒரே வகையாகக் காய்கிறது. மருத்துவர் சோதித்தால் வேறுபாடு காணார். ஒருவனுக்கு உணவு கிடைக்கவில்லை. மற்றவன் கிடைத்த உணவைத் தன் விருப்பால் ஒதுக்கினான். நோன்பு வயிற்றில் இல்லை, அந்த முடிவில் இருக்கிறது. பிறவியிலிருந்து புலால் உண்ணாத ஒரு மாணவன் விடுதியில் உண்கிறான் என்று கொள்க. சமையற்காரர் அலட்சியத்தால், அல்லது வேடிக்கைக்காக, எலும்புச் சாற்றைக் காய்கறிக் குழம்பில் ஊற்றிவிடுகிறார். மாணவன் உண்டு, சுவையாக இருக்கிறது என்று பாராட்டியும் செல்கிறான். அவன் உடல் அப்படியே இருக்கிறது. ஆனால் அவன் தன் வாழ்வைப் பற்றி எடுத்திருந்த ஒரு முடிவை, அவனைக் கேளாமலே, இன்னொருவர் மாற்றி எழுதிவிட்டார். அவன் இன்னும் தன்னைப் புலால் உண்ணாதவன் என்றே சொல்லிக்கொள்வான். அச்சொல் பொய்யாயிற்று என்பதையும் அறியான். தன் சொல்லுக்குத் தான் உரியவன் என்ற நிலையிலிருந்து அவனை இறக்கியதே தீங்கு. இத்தீங்குக்கு உள்ளாகியவன் சிரித்துக்கொண்டே சென்றாலும் தீங்கு தீங்கே.

இதிலிருந்து ஒன்று தெளிவாகும். பன்றியிறைச்சி விற்கிறேன் என்று பலகை எழுதி வைத்து விற்கும் சீனக் கடைக்காரர் முஸ்லிமுக்கு எத்தீங்கும் செய்தவரல்லர், அவர் வழிகாட்டியவர். 'பன்றியிறைச்சியும் பன்றிக்கொழுப்பும் இல்லை' என்று மட்டும் உண்மையாக எழுதி வைத்து, ஹலால் என்று சொல்லாதிருப்பவரும் தமக்குத் தெரிந்த அளவைத் தெரிவித்து முடிவைப் பிறரிடம் விட்டவரே. தவறு செய்பவன் ஹலால் என்று பொய் சொல்லி விற்பவனே; அவன் முஸ்லிமாயினும், முஸ்லிமல்லாதவனாயினும்.

இந்த விதிகளில் தமக்கு நம்பிக்கை இல்லையே, பிறகு ஏன் அவற்றைக் காத்தல் வேண்டும் என்று முஸ்லிமல்லாத சமையற்காரர் ஒருவர் கேட்கலாம். நேர்மையான கேள்விதான். அடைக்கலப் பொருளைக் காப்பவன் அப்பொருளின் மதிப்பைத் தானும் ஒப்புக்கொண்டிருத்தல் வேண்டுவதில்லை. அண்டை வீட்டார் ஊருக்குச் செல்லும்போது ஒரு பழைய மரப்பெட்டியைக் கொடுத்துச் செல்கின்றனர். பெட்டிக்குள் இருப்பவை மங்கிய கடிதங்கள். விற்றால் ஒரு காசு பெறா. ஆயினும் அவற்றை அடுப்பெரிக்க எடுத்தவனை ஊர் மன்னிக்காது. தமிழ் முஸ்லிம்கள் இதனை அமானிதம் என்பர். ஹலால் என்று சொல்லி உணவு கொடுப்பவர் பிறருடைய மனச்சான்றைச் சிறிது நேரம் அமானிதமாகப் பெற்றிருக்கிறார். சுவரில் மாட்டிய சான்றிதழ், அப்பொருளைப் பெற்றுக்கொண்டதற்கான பற்றுச்சீட்டு.

எல்லா இடத்தும் இவ்வளவு தெளிவு இருப்பதில்லை. தமிழர் சமையலறையிலும் பெயர் பெற்ற அஜினமோட்டோ இந்தோனேசியாவில் ஒரு பெரும் வழக்கை எழுப்பியது. சுவையூட்டும் அவ்வுப்பை நுண்ணுயிர்களைக் கொண்டு ஆக்குகின்றனர். அந்த நுண்ணுயிர்களை வளர்க்கும் ஊட்டப்பொருளை உண்டாக்கப் பன்றியிலிருந்து பெற்ற நொதி பயன்பட்டது என்பது தெரியவந்து, இந்தோனேசிய உலமா மன்றம் அதனை ஹராம் என்றது. 2001 சனவரியில் அப்பொருள் கடைகளிலிருந்து மீட்டுக்கொள்ளப்பட்டது. முடிவில் வந்த உப்பில் பன்றிப்பொருள் இல்லை. எனவே அஃது ஆகுமானதே என்றார் அன்றைய அதிபர் அப்துர்ரஹ்மான் வாஹித். அவர் வெறும் அரசியலர் அல்லர். சமயக் கல்வியில் ஊறியவர், நாட்டின் மிகப் பெரிய முஸ்லிம் அமைப்புக்குத் தலைமை தாங்கியவர். பொருளில் இல்லை, ஆனால் வழியில் இருந்தது. இரண்டில் எதனைப் பார்ப்பது? அறிஞர் இருதரப்பிலும் நின்றனர். இவ்விடத்தில் முஸ்லிமல்லாதார் தீர்ப்புச் சொல்வது முறையன்று. எனினும் ஒன்று கூறலாம். நொதி வந்த வழி வெளியே சொல்லப்பட்டிருப்பின், எந்தக் கருத்தை ஏற்பது என்பதை உண்போரே தீர்மானித்திருப்பர். அறிஞர் கருத்து வேற்றுமை நம்பிக்கையைக் குலைப்பதில்லை, மறைப்பே குலைக்கிறது.

2014 மே மாதத்தில் மலேசிய சுகாதார அமைச்சு கெட்பரி நிறுவனத்தின் இருவகைச் சாக்லெட்டுகளில் பன்றியின் மரபணுத் தடயம் இருப்பதாகத் தெரிவித்தது. முத்திரை பெற்ற பொருள்கள் அவை. அவை திரும்பப் பெறப்பட்டன; புறக்கணிப்புக் குரல்கள் எழுந்தன; சினம் வரம்பு கடந்தது. சில நாள்களில், சூன் தொடக்கத்தில், தொழிற்சாலையிலிருந்து நேரே எடுத்த மாதிரிகளில் அத்தடயம் இல்லை என்று ஜாக்கிம் அறிவித்தது. பழி நீங்கியது. ஐயம் நீங்கியதா? நம்பிக்கை இறங்கும் படிக்கட்டும் ஏறும் படிக்கட்டும் ஒன்றல்ல. ஒருநாட் செய்தியால் சரிந்தது, மறுநாள் மறுப்பால் நிமிர்வதில்லை. இன்றைய ஆய்வுக்கூடம் கண்ணுக்குத் தெரியாத துகளையும் காட்டிவிடும்; அத்துகள் ஆலையில் கலந்ததா, கடையில் ஒட்டியதா, யாரேனும் வேண்டுமென்று செய்ததா என்பதைக் கருவி சொல்லாது.

2020 டிசம்பர்ச் செய்தி வேறு வகையானது. ஜொகூர் மாநிலம் செனாயில் ஒரு கிடங்கு சோதனையிடப்பட்டபோது, வெளிநாட்டிலிருந்து வந்த உறைந்த இறைச்சிக்குப் போலி ஹலால் முத்திரை இடப்பட்டது என்னும் குற்றச்சாட்டு நாட்டையே உலுக்கியது. முத்திரைக்கு மதிப்பு ஏற ஏறப் போலி முத்திரைக்கும் ஆதாயம் ஏறுகிறது. மதிப்பில்லாத நாணயத்தை எவரும் கள்ளத்தனமாக அடிப்பதில்லை. முகத்துக்கு மாற்றாக வந்த முத்திரைக்கு இதுதான் இடர்: முகத்தை அச்சிட இயலாது, முத்திரையை அச்சிடலாம். பின்னர் அம்முத்திரையைக் காக்க இன்னொரு முத்திரை, அதனைச் சரிபார்க்க ஓர் எண், எண்ணைச் சரிபார்க்கக் கைப்பேசிச் செயலி என்று வேலிக்கு வேலி வளர்கிறது. எத்தனை வேலி கட்டினாலும், நள்ளிரவில் கிடங்கின் கதவைத் தாழிட்டுக்கொண்டு அட்டைப்பெட்டிமீது குனிந்து நிற்பவனின் கை அவனுடைய கைதான். அந்நேரத்தில் அங்கே அலுவலர் எவரும் இரார்.

மறுபுறம், வேலி வளர வளர ஐயமும் வளர்கிறது என்பதை மறைப்பதற்கில்லை. 2017 பிப்ரவரியில் பன்றி மயிரால் ஆனவை என்ற ஐயத்தின்பேரில், குறியிடப்படாத 2,000-க்கும் மேற்பட்ட தூரிகைகளை மலேசிய அதிகாரிகள் பறிமுதல் செய்தனர். ரொட்டியில் வெண்ணெய் தடவும் தூரிகை என்றால் அதில் நியாயம் விளங்குகிறது. வாங்குவோன் அறிய வேண்டியதே. அதற்கு முந்திய ஆண்டில், ஒரு தின்பண்டத்தின் ஆங்கிலப் பெயரில் நாயைக் குறிக்கும் சொல் இருந்தமையால் பெயரை மாற்றினாலன்றிச் சான்றளிக்க இயலாது என்னும் பேச்சு எழுந்தது. அதில் அத்துணை நியாயம் விளங்கவில்லை; முஸ்லிம்களிலேயே நகைத்தோர் உண்டு. வேட்டை விலங்கைக் கண்டு அஞ்சியவனை இமாம் கஸ்ஸாலி எங்கே வைத்தார் என்பது ஈண்டு நினைவுக்கு வரும். 2024 செப்டம்பரில், பன்றியிறைச்சியும் மதுவும் விற்காத உணவகங்கள் அனைத்துக்கும் சான்றிதழைக் கட்டாயமாக்கலாமா என்ற கருத்து மலேசியாவில் முன்வைக்கப்பட்டுக் கடும் விவாதத்தை எழுப்பியது. அது தன்விருப்பமாகவே நீடிக்கும் என்று பின்னர் அறிவிக்கப்பட்டது. நல்ல முடிவே. ஒட்டுக்கடை வைத்துப் பிழைக்கும் முதியவள் விண்ணப்பம் நிரப்ப வல்லளல்லள் என்பது ஒரு காரணம். மற்றொன்று, கட்டாயத்தால் வாங்கிய சான்றிதழ் அச்சத்தைக் காட்டுமேயன்றி, பிறர் மனச்சான்றைக் காப்பேன் என்று ஒருவர் தாமே முன்வந்து கொடுத்த வாக்கைக் காட்டாது.

முத்திரையே இல்லாத இடமொன்றும் இந்நாட்டில் இருக்கிறது. தீபாவளியன்று தமிழர் இல்லத்தின் கதவு எல்லார்க்கும் திறந்திருக்கிறது. மலாய் நண்பர்கள் வருவார்கள் என்பதனால் பல குடும்பங்கள் கோழியை முஸ்லிம் இறைச்சிக் கடையில் வாங்குகின்றன; சில இல்லங்கள் புதிய சட்டியும் கரண்டியும் ஒதுக்கி வைக்கின்றன; வேறு சிலர் முஸ்லிம் சமையற்காரரிடமே பொறுப்பை விடுகின்றனர். மேசைமேல் சான்றிதழ் இல்லை. விருந்தினர் ஒருவர் சற்றே தயங்கி, இந்தக் கோழி எங்கே வாங்கியது என்று கேட்கக் கூடும். கேட்பதில் இழிவு இல்லை. கேட்டதற்காக முகம் சுளிக்க வேண்டுவதும் இல்லை. வீட்டுக்காரி கடையின் பெயரைச் சொல்கிறாள். பாலில் செய்த பாயசத்தைக் காட்டி, இதில் ஒன்றும் இல்லை, தாராளமாகச் சாப்பிடலாம் என்கிறாள். பக்கத்துத் தட்டில் இருக்கும் கேக்கு வெளியில் வாங்கியது, அதனுள் என்ன கலந்தார்களோ தெரியாது, அது வேண்டாம் என்றும் அவளே சொல்லி, அத்தட்டை எடுத்து உள்ளே வைக்கிறாள். விருந்தினர் பிஸ்மில்லா சொல்லிக் கோழிக்கறியை எடுத்துப் பரிமாறிக்கொள்கிறார்.